விதையில் தீராத நோவு: ஒப்பரேஷனுக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

(தோட்ட வாசிகசாலையில் ஆண் தொழிலாளர்களுக்காக நடந்த சுகாதாரக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



தோட்டத்தில் சுகாதாரக் கூட்டம் என்றால் வழக்கமாகப் பெண்களுக்குத்தான் நடக்கும். கர்ப்பிணித் தாய்மார், இரத்தச் சோகை, பிள்ளைகளின் நிறை என்று பேசுவோம். ஆம்பிளைகளுக்குக் கூட்டம் வைத்தால் பிரஷர், சீனி வருத்தம், குடிப்பழக்கம், அத்தோடு முடிந்துவிடும். இன்றைக்குப் பேசப்போவது எந்தக் கூட்டத்திலும் பேசாத ஒரு விஷயம். விதையில் வருகிற நோவு. பேச்சு வழக்கில் நாம் அதை என்ன சொல்லுவோம் என்று எல்லாருக்கும் தெரியும். நான் விதை என்றே சொல்றேன். யாரும் சிரிக்க வேண்டாம். சிரித்தாலும் பரவாயில்லை, எழும்பிப் போகாமல் கேளுங்க.

ஏன் இதைப் பேசுகிறேன்? கால் வலித்தால் நொண்டிக்கொண்டாவது டிஸ்பென்சரிக்கு வருகிறோம். இந்த நோவுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. அங்கே மருந்து கொடுக்கிறது ஒரு பெண்பிள்ளை, வரிசையில் நிற்கிறது நம்ம லயத்துப் பெண்கள். எப்படிச் சொல்லுவது? ஆகவே கடையில் நோ மாத்திரை வாங்கிப் போடுகிறோம், பின்னேரம் கொஞ்சம் சாராயம் ஊற்றிக்கொள்கிறோம், விடிந்ததும் பெரட்டுக்குப் போகிறோம். கான் வெட்டும்போதும், மருந்து டாங்கியை முதுகில் சுமக்கும்போதும், கொழுந்து மூட்டையை லொறியில் ஏற்றும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம். வருஷக்கணக்கில் இப்படிப் போய், கடைசியில் ஒரு நாள் டொக்டரிடம் போய், "ஐயா, இதை அறுத்து எடுத்துடுங்க, எனக்கு வேணாம்" என்று சொல்லுகிற நிலைமைக்கு வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவர்களுக்கும் உங்களுக்கும் நான் சொல்ல வந்தது ஒரே விஷயம்தான். இந்த நோவுக்கு ஒப்பரேஷன் ஒன்றல்ல, பல இருக்கின்றன. எந்த ஒப்பரேஷன் என்பது நோவின் காரணத்தைப் பொறுத்தது. விதையை எடுப்பது கடைசிப் படி. அதிலும்கூட நோவு நிச்சயம் போகும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது.

முதலில் அவசர விஷயம்

டொக்டர்மார் 3 மாதத்துக்கு மேல் இருக்கிற நோவைத்தான் நாட்பட்ட நோவு என்று சொல்லுவார்கள். அது விட்டுவிட்டு வரலாம், ஒரேயடியாகவும் இருக்கலாம். இன்றைய பேச்சு அதைப் பற்றியது. ஆனால் திடீரென்று வருகிற நோவு வேறு. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

ஒரு பக்க விதையில் திடீரென்று தாங்க முடியாத நோவு, கூடவே வாந்தி, விதை மேலே ஏறினாற்போல் இருப்பது, இப்படி வந்தால் விதை தன் கயிற்றிலேயே முறுகிக்கொண்டிருக்கலாம். இரத்தம் போகாது. 6 மணித்தியாலத்துக்குள் ஒப்பரேஷன் செய்தால் பெரும்பாலும் விதையைக் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் கழிந்தால் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். இது வயது வந்துகொண்டிருக்கிற பையன்களுக்குத்தான் அதிகம் வரும். அவர்கள் வெட்கத்தில் வயிற்று வலி என்றுதான் சொல்லுவார்கள். ராத்திரி மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தால், அப்பாவாகிய நீங்கள் தனியாகக் கூப்பிட்டு, கீழே நோகிறதா என்று கேளுங்க. ஆமாம் என்றால் விடியும் வரை காத்திருக்கக்கூடாது. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அம்புலன்ஸ் வர நேரமாகும் என்றால் கிடைக்கிற வாகனத்தில் ஏறுங்க.

இன்னொன்று. விதையில் நோவில்லாமல் கட்டியாக ஏதாவது கைக்குத் தட்டுப்பட்டால், நோகவில்லையே என்று விட்டுவிடாதீங்க. விதையில் வருகிற புற்றுநோய் அதிகமாக இளவயதுக்காரர்களுக்கு வரும், பெரும்பாலும் நோவில்லாத கட்டியாகத்தான் தொடங்கும். நேரத்தோடு போனால் நன்றாகக் குணமாகிற புற்றுநோய் அது.

நோகிற இடமும் கோளாறு இருக்கிற இடமும்

விதை ஒரு கயிற்றில் தொங்குகிறது. தொடையிடுக்கு வழியாக வயிற்றுக்குள்ளே இருந்து இறங்கி வருகிற கயிறு அது. அதற்குள்ளே இரத்தம் கொண்டுவருகிற நாடி, திரும்பக் கொண்டுபோகிற நாளங்கள், விந்துக் குழாய், நரம்புகள் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. விதைக்குப் பின்பக்கம் சுருண்ட குழாய் ஒன்று ஒட்டியிருக்கும். தொட்டுப் பார்த்தால் மெல்லிய தடிப்பாகத் தெரியும். அது இயற்கை, பயப்படத் தேவையில்லை.

அந்த நரம்புகள் இடுப்புப் பக்கமிருந்து வருகின்றன. ஆகவே கோளாறு மேலே இருந்தாலும் நோவு கீழே தெரியும். மேல் மலையில் தண்ணீர்க் குழாய் வெடித்தால் கீழே லயத்துப் பீலியில்தானே தண்ணீர் நிற்கிறது? பீலியை உடைத்து என்ன பிரயோசனம்? அந்த மாதிரித்தான் இதுவும். சிறுநீர்க் குழாயில் கல் இருந்தாலும், குடலிறக்கம் இருந்தாலும், முதுகெலும்பில் நரம்பு நசுங்கினாலும் விதையில் நோவு வரலாம்.

கான் வேலை செய்கிற ஒரு அண்ணன், பெயர் சொல்லமாட்டேன், 8 மாதமாக இடது விதை நோவென்று கஷ்டப்பட்டார். விதையை எடுக்கச் சொல்லிக் கேட்கத்தான் என்னோடு கிளினிக்குக்கு வந்தார். சிறுநீரைச் சோதித்து, வயிற்றையும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தார்கள். கல். கல்லை எடுத்த பிறகு நோவு போய்விட்டது. விதையில் ஒரு குறையும் இருக்கவில்லை.

டொக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்

டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று சொல்லக் கூச்சமாக இருந்தால், "தனியாகப் பேச வேணும்" என்று மட்டும் சொல்லுங்க. அல்லது என்னிடம் வாங்க. ஆஸ்பத்திரிக்குத் துண்டு வாங்கிக்கொண்டு போகலாம். அங்கே ஆண் டொக்டர் பார்க்க முடியுமா என்று கேட்பதில் தப்பில்லை. மொழிப் பிரச்சினை இருக்குமென்றால் ஒரு கடதாசியில் இந்த விபரங்களை எழுதிக்கொண்டு போங்க:

எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம். விட்டுவிட்டா, ஒரேயடியாகவா. பாரம் தூக்கினால், நெடுநேரம் நின்றால், உட்கார்ந்தால், மனைவியோடு சேர்ந்தால் கூடுகிறதா. படுத்தால் குறைகிறதா. சிறுநீர் கழிக்க எரிகிறதா. முன்பு அடிபட்டதா. குடலிறக்க ஒப்பரேஷனோ, ஆண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷனோ செய்ததா. என்னென்ன மாத்திரை எடுத்தீர்கள்.

டொக்டர் நிற்க வைத்தும் படுக்க வைத்தும் கையால் பார்ப்பார். சிறுநீர் சோதிப்பார்கள், விதையை ஸ்கேன் பண்ணுவார்கள். ஸ்கேன் நோகாது. இவ்வளவும் பார்த்த பிறகும் காரணம் பிடிபடாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாட்பட்ட விதை நோவுக்காரர்களில் பாதிப் பேர் வரை அப்படி என்று சொல்லுகிறார்கள். காரணம் தெரியவில்லை என்றால் நோவு பொய் என்று அர்த்தமில்லை. பெண்சாதி, பிள்ளைகளும் இதைப் புரிந்துகொள்ள வேணும்.

கத்தி இல்லாமல் முதலில் செய்வது

எந்த நல்ல டொக்டரும் முதல் நாளே ஒப்பரேஷன் என்று சொல்லமாட்டார். கிருமி இருந்தால் அதற்கு மருந்து கொடுப்பார். அது பாலுறவால் வந்த கிருமி என்றால் மனைவிக்கும் சேர்த்து மருந்து எடுக்க வேணும். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பாலியல் நோய் கிளினிக்கில் இலவசமாகவும் இரகசியமாகவும் பார்க்கிறார்கள். கிருமி இல்லாவிட்டால் அந்த மருந்தைத் திரும்பத் திரும்ப எடுப்பதில் பலன் இல்லை.

அடுத்தது, விதையைத் தாங்கிப் பிடிக்கிற இறுக்கமான உள்ளாடை. சாரத்துக்குள் ஒன்றும் போடாமல் மலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது ஒன்றே பெரிய உதவி. அடுத்தது, நோ மாத்திரை. இது டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நாளுக்கு மட்டும். கடையில் வாங்கி மாதக்கணக்கில் போட்டால், அதிலும் சாராயத்தோடு சேர்ந்தால், வயிறு புண்ணாகி இரத்தம் போகும், சிறுநீரகமும் கெடும்.

அப்புறம் நரம்பு நோவுக்கென்று ராத்திரியில் சிறிய அளவில் கொடுக்கிற மாத்திரை இருக்கிறது. மனவருத்தத்துக்கும் அதே மாத்திரையைக் கொடுப்பதுண்டு. அதைக் கேள்விப்பட்டு, "என்னைப் பைத்தியம் என்று நினைச்சுட்டாங்க" என்று நிறுத்திவிடாதீங்க. நரம்பை அமைதிப்படுத்தத்தான் அது. பலன் தெரியச் சில கிழமை பிடிக்கும். இவற்றால் பலருக்குக் குறைந்துவிடும். அவர்களுக்குக் கத்தி தேவையில்லை.

காரணம் தெரிந்தால் செய்கிற ஒப்பரேஷன்கள்

மருந்தில் குறையவில்லை, காரணமும் தெரிந்தது என்றால், அந்தக் காரணத்துக்குத்தான் ஒப்பரேஷன்.

முதலாவது, ஓதம். விதையைச் சுற்றித் தண்ணீர் கட்டுவது. நோவை விடப் பாரமும் இழுவையும்தான் அதிகம் இருக்கும். ஊசியால் தண்ணீரை இழுத்தால் திரும்பவும் கட்டும், கிருமியும் போகலாம். பையைத் திறந்து அந்தத் தண்ணீர் உறையைச் சரிசெய்கிறதுதான் நிலையான வழி. செய்த பிறகு சில கிழமை வீக்கம் இருக்கும், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது, நாளப் புடைப்பு. காலில் நரம்பு புடைக்கிற மாதிரி, விதைக்கு மேலே நாளங்கள் புடைத்து, கையால் பிடித்தால் புழுக்கூட்டம் போல இருக்கும். பெரும்பாலும் இடது பக்கம். 100 ஆண்களில் சுமார் 15 பேருக்கு இது உண்டு. அவர்களில் சிலருக்குத்தான் நோவு வரும். நின்று வேலை செய்தால் மந்தமாக நோகும், படுத்தால் குறையும். இந்த மாதிரி ஆட்களைச் சரியாகப் பார்த்துத் தெரிந்தெடுத்து நாளங்களைக் கட்டினால் 10 பேரில் 8 பேருக்கு நோவு குறைகிறது. ஆனால் புடைப்பு இருக்கிறது என்பதற்காகவே நோவும் அதனால்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

மூன்றாவது, விதைக்குப் பின்னால் உள்ள சுருள் குழாயில் வருகிற நீர்க்கட்டி. பெரும்பாலானவை ஒரு தொந்தரவும் செய்யாது, விட்டுவிடலாம். பெரிதாகி, சரியாக அந்த இடமே நோகுமானால் கட்டியை மட்டும் எடுப்பார்கள்.

நான்காவது, குடலிறக்கம். பாரம் தூக்குகிற நம்மவர்களில் இதைக் கவனிக்க வேணும். இருமினால் தொடையிடுக்கில் பிதுங்கும். அதைத் தைத்து வலை வைத்தால் பலருக்கு விதை நோவும் போய்விடும். ஆனால் 100 பேரில் 10 பேர் வரைக்கும் அந்த ஒப்பரேஷனுக்குப் பிறகு தொடையிடுக்கில் நெடுநாள் நோவு வரலாம். இதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்க.

குடும்பக் கட்டுப்பாட்டு ஒப்பரேஷனுக்குப் பிறகு

இதைப் பற்றித் தோட்டத்தில் பல கதைகள் உலாவுகின்றன. செய்தால் பலம் போய்விடும், பாரம் தூக்க முடியாது என்கிறார்கள். அது உண்மையில்லை. விந்துக் குழாயை மட்டும்தான் வெட்டிக் கட்டுகிறார்கள். ஆண்மையைக் கொடுக்கிற சுரப்பு இரத்தத்தில் போய்க்கொண்டேயிருக்கும். அதேநேரம் மறைக்கவும் கூடாது. 100 பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு அதன் பிறகு வாழ்க்கையைப் பாதிக்கிற அளவுக்கு நாட்பட்ட நோவு வருகிறது. அப்படி வந்தவர்களை, "எல்லாம் மனசுதான்" என்று அனுப்பக்கூடாது. மாத்திரையில் குறையாவிட்டால் வெட்டிய குழாயைத் திரும்ப இணைக்கிற ஒப்பரேஷன் ஒரு வழி. பலருக்கு அதில் நோவு குறைகிறது. ஆனால் பிள்ளை உண்டாகிற வாய்ப்பும் திரும்ப வரும். கணவனும் மனைவியும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது.

காரணம் தெரியாவிட்டால்: முதலில் ஊசி, பிறகு நரம்பு

எல்லாம் பார்த்தாகிவிட்டது, காரணம் தெரியவில்லை, மருந்தும் கேட்கவில்லை. இங்கேதான் பலர் விதையை எடுக்கச் சொல்லுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது.

தொடையிடுக்கில் அந்தக் கயிற்றைச் சுற்றி விறைக்கிற ஊசி போடுவார்கள். பல்லுப் பிடுங்கப் போடுகிற மாதிரியான மருந்துதான். சில மணித்தியாலம் அந்த நரம்புகள் வேலை செய்யாது. அந்த நேரத்தில் நோவு போனால், அல்லது பாதிக்கு மேல் குறைந்தால், நோவு அந்தக் கயிற்றில் உள்ள நரம்பு வழியாகத்தான் வருகிறது என்று அர்த்தம். ஒன்றுமே குறையவில்லை என்றால் நோவு வேறு வழியாக வருகிறது. அப்போது விதையிலோ கயிற்றிலோ கத்தி வைத்துப் பலனில்லாமல் போகிற வாய்ப்பு அதிகம். ஊசி போட்ட அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீங்க. வழக்கமாக நோவு வருகிற மாதிரி நடந்து பாருங்க, படியேறிப் பாருங்க. எத்தனை மணிக்கு நோவு திரும்பியது என்று எழுதி வையுங்க.

ஊசியில் நல்ல பலன் கண்டவர்களுக்கு அந்த நரம்புகளை மட்டும் வெட்டுகிற ஒப்பரேஷன் செய்யலாம். 1978 இல் அமெரிக்காவில் டிவைன், ஷெல்ஹாமர் என்ற இரண்டு டொக்டர்மார் இதை முதலில் எழுதினார்கள். தொடையிடுக்கில் சிறிதாகக் கீறி, கயிற்றை வெளியே எடுத்து, பெரிதாகக் காட்டுகிற நுணுக்குக்காட்டி வழியாகப் பார்த்துக்கொண்டே நரம்பு இழைகளை வெட்டுவார்கள். இரத்தம் கொண்டுவருகிற நாடியையும் நிணநீர்க் குழாய்களையும் காப்பாற்றிவிடுவார்கள். விதை இருந்த இடத்திலேயே இருக்கும். ஊசியில் பலன் கண்டவர்களில் சுமார் 10 பேரில் 7 பேருக்கு நோவு முற்றாகப் போகிறது, இன்னும் சிலருக்குப் பாதி குறைகிறது. ஆபத்தும் உண்டு. தண்ணீர் கட்டலாம், இரத்தம் கட்டலாம், அரிதாக விதை சுருங்கிப் போகலாம். சிலருக்குப் பலனில்லாமலும் போகலாம். இது எல்லா ஆஸ்பத்திரியிலும் செய்கிற ஒப்பரேஷன் அல்ல. சிறுநீரகச் சத்திர சிகிச்சை நிபுணரிடம், "இதை எங்கே செய்கிறார்கள்?" என்று கேட்டு, துண்டு வாங்க வேணும்.

கடைசிப் படிகள்

நோவு விதைக்குப் பின்னால் உள்ள சுருள் குழாயில் மட்டும் இருந்தால், அந்தக் குழாயை மட்டும் எடுக்கலாம். எடுத்தால் அந்தப் பக்கத்து வழி அடைபடும். பிள்ளை வேண்டுமென்று இருக்கிறவர்கள் இதை யோசிக்க வேணும். நோவு பரவலாக இருந்தால் இதில் பலன் குறைவு.

ஒன்றுக்குமே கேட்காவிட்டால்தான் விதையை எடுப்பது. 1990 இல் அமெரிக்காவில் சிறிய தொகையானவர்களை வைத்து வெளிவந்த ஒரு ஆய்வில், தொடையிடுக்கு வழியாக எடுத்தவர்களில் 73 வீதமானோருக்கும், விதைப்பை வழியாக எடுத்தவர்களில் 55 வீதமானோருக்கும்தான் நோவு முற்றாக நின்றது. அதாவது விதை போன பிறகும் பலருக்கு நோவு இருந்தது. மற்ற விதை நன்றாக இருந்தால் ஆண்மைக்கும் பிள்ளைப் பேற்றுக்கும் பொதுவாக அது போதும். இருந்தாலும் எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. சரியாக வேலை செய்கிற விதை ஒன்றுதான் இருக்கிறவர் இதை இன்னும் பல மடங்கு யோசிக்க வேணும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஒப்பரேஷன் கடதாசியில் கையெழுத்துப் போடச் சொன்னால், பயப்படாமல் இவற்றைக் கேளுங்க:

1. என் நோவுக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள்?
2. இந்த ஒப்பரேஷன் அந்தக் காரணத்தை எப்படிச் சரிசெய்யும்?
3. விறைக்கிற ஊசி போட்டுப் பார்த்தாயிற்றா?
4. 10 பேருக்குச் செய்தால் எத்தனை பேருக்குக் குறைகிறது?
5. குறையாவிட்டால் அடுத்தது என்ன?
6. பிள்ளை பெறுவதை இது பாதிக்குமா?
7. எப்போது பாரம் தூக்கலாம்?

டொக்டர்மாருக்கு நேரம் குறைவு என்பது உண்மைதான். ஆனாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதிய கடதாசி என்றால், வாசித்து விளக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குக் காசு இல்லை. நமக்குப் பிரச்சினை பஸ் காசும், போகிற பேரும்தான். அது எனக்குத் தெரியாமலில்லை. கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்க. ஒப்பரேஷனுக்குப் பிறகு மெடிக்கல் வாங்கி ஒப்பீசில் கொடுங்க. சில கிழமை பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் எழுதித் தந்தால், அதைக் கணக்கப்பிள்ளையிடம் காட்டி லேசான வேலை கேளுங்க. எழுதிக் கேட்க வேண்டுமென்றால் கடிதத்தை நான் எழுதித் தாறேன். என்ன வருத்தம் என்று கடிதத்தில் போட வேண்டியதில்லை. "சத்திர சிகிச்சை" என்றால் போதும்.

வீட்டில் மனைவியிடம் மறைக்காதீங்க. நோவில் விலகிப் படுத்தால், அந்த அம்மா வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பேருக்கும் பாரம் குறையும்.

செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் 4 மணியிலிருந்து நான் டிஸ்பென்சரிக்குப் பின்னால் உள்ள அறையில் இருப்பேன். கதவு சாத்தியிருக்கும், தட்டிவிட்டு வாங்க. எதற்கு வந்தீர்கள் என்று வெளியே யாரும் கேட்கமாட்டார்கள். கிளினிக்குக்குத் தனியாகப் போகப் பயமென்றால் கூட வருகிறேன். நோவு 3 மாதத்தைத் தாண்டியவர்கள் இந்தக் கிழமையே வாங்க. அடுத்த சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போட வேண்டாம்.

இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்க. எல்லார் முன்னாலும் கேட்க முடியாதவர்கள் துண்டுக் கடதாசியில் எழுதித் தாங்க, பெயர் போட வேண்டாம்.